காசு என்ற நாணயமும் குணம் என்ற நாணயமும்: பிராங்க்ளின், ஸ்ட்ரான் கடிதங்களைப் படிக்கும் முறை

அமெரிக்காவின் தொடக்கக் காலத்து அச்சக உரிமையாளர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படிக்கத் தொடங்கியிருப்பதாகவும், ஒரே கடிதத்தில் புத்தகப் பட்டியல், அச்செழுத்து விலை, மகளின் கல்யாணப் பேச்சு, யாரோ திருப்பித் தராத கடன், போர்ச் செய்தி என எல்லாம் கலந்து வருவதால் குழம்பிப்போயிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றை வணிகக் கடிதம் என்று கொள்வதா, நட்புக் கடிதம் என்று கொள்வதா, எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் கேள்விக்கு என் பதில், பிரிக்காமல் படியுங்கள் என்பதுதான். தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம், சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பென்சில்வேனியாவில் முதல் வகை நாணயத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. வந்த பொன்னும் வெள்ளியும் இறக்குமதிச் சரக்குக்கு விலையாக இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விடும். உள்ளூரில் புழங்கிய காகிதப் பணத்தை (அதை அச்சடித்துக் கொடுத்தவர்களில் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஒருவர்) லண்டனில் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே கடல் கடந்த புத்தக வியாபாரம் இரண்டாவது வகை நாணயத்தை நம்பித்தான் நடந்தது. லண்டன்காரர் ஒருவர் முகம் பார்த்திராத மனிதருக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பிவிட்டு, பணத்துக்காக ஒரு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும் என்றால், அந்த மனிதர் எப்படிப்பட்டவர், அவர் வீடு எப்படி நடக்கிறது, அவர் சிபாரிசு செய்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதைத் தெரிவிக்கக் கடிதத்தை விட்டால் வேறு சாதனம் இல்லை. மகளின் குணத்தைப் பற்றி எழுதும் பத்தியும் புத்தகக் கட்டுக்கு உண்டியல் (பணத்துக்குப் பதிலாக அனுப்பும் வணிகச் சீட்டு) அனுப்பியதைச் சொல்லும் பத்தியும் அடுத்தடுத்து நிற்பது அதனால்தான்.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. பிலடெல்பியாவின் பிராங்க்ளினும் லண்டன் அச்சக உரிமையாளர் வில்லியம் ஸ்ட்ரானும் 1743 முதல் 1780களின் நடுப்பகுதிவரை எழுதிக்கொண்ட கடிதங்களில் நீங்கள் கேட்ட அத்தனை சங்கதிகளும் இருக்கின்றன.

பின்னணியாக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அக்காலத்து அமெரிக்க அச்சகம் புத்தகம் போட்டுப் பிழைத்த அச்சகம் இல்லை. செய்தித்தாள், பஞ்சாங்கம், சட்டமன்ற நடவடிக்கைகள், பிரசங்கம், வியாபாரப் படிவங்கள் ஆகியவைதான் அதற்குச் சோறு போட்டன. தடித்த புத்தகம் ஒன்றை அச்சுக்கோத்து முடிப்பதற்குள் அச்செழுத்து எல்லாம் அதிலேயே முடங்கிவிடும், தாளுக்கான முதலும் முடங்கிவிடும். அதற்குள் லண்டனிலிருந்து அதே புத்தகம் கப்பலில் வந்து குறைந்த விலைக்கு இறங்கிவிடும். பிராங்க்ளின் துணிந்து ரிச்சர்ட்சனின் 'பமேலா' நாவலை 1742இல் அச்சில் ஏற்றினார். அமெரிக்காவில் அச்சான முதல் நாவல் அதுதான் என்கிறார்கள். அதை முடிக்க அவருக்கு 1744 ஆகிவிட்டது, அதற்குப் பிறகு அவர் இன்னொரு நாவலைத் தொடவில்லை. அச்செழுத்தும் நல்ல மையும் புத்தகமும் லண்டனிலிருந்துதான் வர வேண்டும் என்ற நிலையில், லண்டனில் நம்பத்தக்க ஆள் ஒருவர் இருப்பது இன்னொரு அச்சு இயந்திரம் வைத்திருப்பதைவிடப் பெரிய சொத்து.

அந்த ஆள் கிடைத்த விதம் சுவையானது. எடின்பரோவில் 1715இல் பிறந்து லண்டனில் அச்சகம் நடத்திக்கொண்டிருந்த ஸ்ட்ரான், தன்னோடு தொழில் பழகிய டேவிட் ஹால் என்ற இளைஞர் கூலிக்கு அச்சு வேலை பார்த்தே காலம் கழிக்கிறாரே என்ற கவலையில், பிலடெல்பியாவில் புத்தகக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரீட் என்பவருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் ஒரு பகுதி பிராங்க்ளினின் கைக்கு வந்தது. 1743 ஜூலை 10 அன்று பிராங்க்ளின் ஸ்ட்ரானுக்கு முதல் கடிதம் எழுதினார். மூன்று குடியேற்றங்களில் தனக்கு மூன்று அச்சகங்கள் இருப்பதாகவும், தகுந்த ஆள் கிடைத்தால் நான்காவது ஒன்றையும் தொடங்க எண்ணியிருப்பதாகவும், அந்த இளைஞர் துணிந்து கப்பலேறி வந்தால் ஒரு வருடத்துக்கு நல்ல வேலை தருவதாகவும், பிடிக்காமல் திரும்ப விரும்பினால் திரும்பும் பயணச் செலவைத் தானே ஏற்பதாகவும் அதில் சொல்கிறார். நிபந்தனைகள் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கின்றன. முகமறியாத ஒருவரிடம் பேசும்போது பிராங்க்ளின் எவ்வளவு அளந்து பேசுவார் என்பதற்கு இந்தக் கடிதம் நல்ல உதாரணம்.

ஹால் 1744 ஜூனில் வந்து சேர்ந்தார். ஜூலை 4 அன்று பிராங்க்ளின் எழுதிய கடிதத்தில் தொனி மாறிவிட்டது. லண்டனில் தன் ரசனையை ஒப்படைக்கத்தக்க நண்பர் ஒருவர் வேண்டும் என்று நெடுநாளாக ஏங்கியதாகச் சொல்லி, படிக்கத்தகுந்த புதிய சிறுநூல்கள் எந்தப் பொருளைப் பற்றியவையாக இருந்தாலும் அவ்வப்போது அனுப்பும்படி கேட்கிறார். மதச் சண்டை நூல்கள் மட்டும் வேண்டாமாம். தலைப்பையும் விளம்பரத்தையும் நம்ப முடியவில்லை என்று காரணமும் சொல்கிறார். விளம்பரம் போட்டே வயிறு வளர்த்த ஒரு பத்திரிகைக்காரர் இதைச் சொல்வதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் செலவுக்கான பணத்தை ஸ்ட்ரானிடமே இட்டுவைப்பதாகவும் சேர்த்துக்கொள்கிறார். அதே கடிதத்தில் தங்கள் ஊர்ச் சங்கதி எல்லாம் ஐரோப்பாவின் பெரிய சங்கதிகளின் பொம்மைப் பிரதிதான் என்று சொல்லிவிட்டு, நான்கு நாளுக்கு முன் இருபது பீரங்கிகள் கொண்ட புதிய கப்பல் ஒன்று கடலுக்குப் புறப்படும்போதே மூழ்கிச் சுமார் நூறு பேர் இறந்ததைச் சொல்கிறார். பிரிட்டனுக்கு ஐம்பது போர்க்கப்பல்கள் போனால் எவ்வளவோ, எங்களுக்கு இது அவ்வளவு என்பது அவர் கணக்கு. பணிவாகத் தொடங்கிய வாக்கியம் முடியும்போது படிப்பவர் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

1745 பிப்ரவரி 12ஆம் தேதிக் கடிதம்தான் என் கணக்கில் இந்தத் தொகுப்பின் மணி. உங்கள் நாட்டு எழுத்தாளர்களுக்குக் கடலின் இந்தப் பக்கத்தில் தங்களுக்கு இருக்கும் புகழ் தெரியாது, அவர்களைப் பொறுத்தவரை நாங்கள் ஒரு விதத்தில் பிற்காலச் சந்ததி, உங்கள் ஊர் மோஸ்தரும் கட்சியும் காழ்ப்பும் எங்களை எட்ட முடியாத தூரத்தில் இருப்பதால் நடுநிலையோடு படிக்கிறோம் என்கிறார். தொலைவை ஒரு குறையாகச் சொல்லிப் பழகிய மனிதர் இங்கே அதையே தகுதியாக்கிக்கொள்கிறார். அடுத்து ஜேம்ஸ் தாம்சன் என்ற கவிஞரைப் பற்றிப் பேச்சு வருகிறது. பல வருடங்களாகக் கவிதையே படிக்காமல் அந்தச் சுவையே விட்டுப்போயிருந்த தனக்கு, தாம்சன் பருவங்களைப் பற்றி எழுதிய நூல் கண்ணில் வரவழைத்த ஆனந்தக் கண்ணீர் இதுவரை படித்த எதுவும் வரவழைத்ததைவிட அதிகம் என்று எழுதுகிறார். அதோடு, தாம்சன் எதை எழுதினாலும் எனக்குப் பன்னிரண்டு பிரதிகள் அனுப்புங்கள் என்ற ஆர்டரும் இருக்கிறது. கண்ணீரும் ஒரு டஜனும் ஒரே பத்தியில். இதைப் பார்த்துப் போலி உணர்ச்சி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தனக்குப் பிடித்ததைத் தன் ஊரில் பன்னிரண்டு பேருக்கு விற்க முடியும் என்று நினைக்கும் கடைக்காரரின் உற்சாகத்தில் எது ரசனை, எது வியாபாரம் என்று கோடு கிழிக்க முடியாது.

கடிதங்கள் போன வழியையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கப்பல் தலைவர் ஒருவரின் கையில் பையோடு போகும் கடிதம் ஆறு வாரத்திலும் சேரலாம், மூன்று மாதத்திலும் சேரலாம், எதிரிக் கப்பலிடம் பிடிபட்டுச் சேராமலும் போகலாம். 1744 முதல் 1748 வரை பிரான்சோடு நடந்த போரில் இந்தக் கடைசி வகைக்குக் குறைவில்லை. அதனால் முக்கியமான கடிதத்தை இரண்டு மூன்று படி எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். இன்ன தலைவர் மூலமாக இன்ன தேதியில் எழுதினேன், அதன் நகல் இத்துடன் என்ற தொடக்க வரிகளை நீங்கள் சலிப்போடு தாண்டியிருப்பீர்கள். அந்த வரிகள்தான் யார் எப்போது எதை அறிந்திருந்தார் என்பதைக் காட்டும் முகவரிச் சீட்டு. பதில் போல் தோன்றும் கடிதம் பல சமயம் பதிலே அல்ல, இரண்டும் நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும்.

இப்போது கடன் விஷயம். ஹாலுக்காக ஸ்ட்ரான் எழுதிய கடிதத்தைக் கையில் வாங்கிய அதே ஜேம்ஸ் ரீட், ஸ்ட்ரானிடம் புத்தகம் வாங்கிவிட்டுப் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தார். அவர் பிராங்க்ளினின் மனைவி டெபோராவுக்கு உறவினர். கடனை வசூலித்துத் தரும்படி ஸ்ட்ரான் பிராங்க்ளினைக் கேட்க, வருடக்கணக்கில் அந்தப் பேச்சு கடிதங்களில் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. உறவினரை நெருக்கவும் மனமில்லை, லண்டன் நண்பரிடம் பெயரைக் கெடுத்துக்கொள்ளவும் மனமில்லை என்ற நெருக்கடி, எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கேட்கக்கூடியதுதான்.

பாடம் கற்றவராகப் பிராங்க்ளின் நடந்துகொண்டது அடுத்த தலைமுறையில் தெரிகிறது. பாஸ்டனில் இருந்த தங்கை ஜேன் மீகமின் மகன் பெஞ்சமின் மீகமை 1752இல் ஆன்டிகுவா தீவுக்கு அனுப்பி அச்சகம் நடத்தவைத்தார். அந்த இளைஞனுக்குப் புத்தகமும் எழுதுபொருளும் கடனாகக் கொடுக்கும்படி ஸ்ட்ரானுக்குச் சிபாரிசு செய்த கடிதத்திலேயே அவனைக் கட்டுக்குள் வையுங்கள் என்றும் எழுதினார். விலைபோகும் சரக்காகச் சிறு சிறு கட்டுகளாக மட்டும் அனுப்பும்படியும், ஐம்பது பவுண்டுக்கு மேல் கடன் ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளும்படியும், உலகம் தெரியாத சிறுவன் அவன் என்றும் சொல்கிறார். தாய்மாமன் பேசுகிறாரா, தொழிலில் மூத்த கூட்டாளி பேசுகிறாரா என்று கேட்டால் நான் இரண்டுக்கும் ஆம் என்பேன். சிபாரிசும் எச்சரிக்கையும் ஒரே மூச்சில் வருவதால்தான் அந்தச் சிபாரிசுக்கு லண்டனில் மதிப்பு இருந்தது. அந்த மருமகன் ஆன்டிகுவாவிலும் நிலைக்கவில்லை, பிறகு பாஸ்டனிலும் வேறு ஊர்களிலும் முயன்று நொடித்து, கடைசியில் சித்தம் கலங்கிப்போனார்.

இதற்கு நேர்மாறாக, தென் கரோலினாவின் சார்லஸ்டனில் பிராங்க்ளினின் பங்காளியாக இருந்த லூயிஸ் டிமத்தி 1738இல் இறந்தபின் அச்சகத்தை ஏற்ற அவர் மனைவி எலிசபெத் டிமத்தியைப் பற்றிப் பிராங்க்ளின் தன் வாழ்க்கைக் குறிப்பில் மனம் திறந்து புகழ்கிறார். ஹாலந்தில் வளர்ந்தபோதே கணக்கு எழுதக் கற்றிருந்த அவர், கணவர் கொடுக்காத தெளிவான கணக்கைக் காலாண்டு தவறாமல் அனுப்பினாராம், நாளடைவில் அச்சகத்தைத் தானே விலைக்கு வாங்கி மகனுக்கும் கொடுத்தாராம்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். இருவரும் சந்திப்பதற்கு முன்பே, ஸ்ட்ரானின் மகன் பில்லிக்கும் பிராங்க்ளினின் மகள் சாலிக்கும் குழந்தைப் பருவத்திலேயே முடிச்சுப் போட்டு, என் மருமகன், உங்கள் மருமகள் என்று விளையாட்டாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடிதத்தில் பிராங்க்ளின் சாலியைப் பற்றி அன்பும் கடமையுணர்வும் சுறுசுறுப்பும் உள்ள பெண், பேச்சு சாமர்த்தியம் அதிகம் இல்லாவிட்டாலும் வயதுக்கேற்ற அறிவுக்குக் குறைவில்லை, வீட்டு வேலையில் அம்மாவின் பாரத்தில் ஒரு பகுதியை இப்போதே குறைக்கிறாள் என்று எழுதுகிறார். பெண் பார்க்க வந்தவர்களிடம் தகப்பனார் பேசுவது போலவே இருக்கும். மிகைப்படுத்தாமல் பேசுவதுதான் நம்பிக்கையைத் தரும் என்று தெரிந்த தகப்பனார்.

பதினான்கு வருடக் கடிதப் பழக்கத்துக்குப் பிறகு 1757இல் பிராங்க்ளின் லண்டன் போனபோதுதான் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ட்ரான் மயங்கிப்போனார். அவ்வருட டிசம்பரில் டெபோராவுக்கு நீண்ட கடிதம் எழுதி, எல்லா வகையிலும் எனக்கு இவ்வளவு பிடித்த மனிதரைக் கண்டதில்லை என்று புகழ்ந்துவிட்டு, உங்கள் கணவரைத் தேடி இதைப்போல் இருமடங்கு தூரம் கடலில் போகவும் தயங்காத சீமாட்டிகள் இங்கே பலர், ஆகவே விரைந்து கப்பலேறி வந்து உங்கள் உடைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கிண்டலும் உருட்டலுமாகச் சொன்னார். உண்மையில் அவர் பிராங்க்ளின் குடும்பத்தையே லண்டனில் குடியேற்றிவிடப் பார்த்தார். அந்தக் கடிதம் டெபோராவை உடனே வரவழைத்துவிடும் என்று ஸ்ட்ரான் பந்தயம் கட்ட முன்வந்தபோது பிராங்க்ளின் ஏற்கவில்லை. நண்பரின் சட்டைப்பையில் கைவிட விரும்பவில்லை, கடலைக் கடக்கவைக்கும் அளவுக்கு வலிய காரணம் எதுவும் உனக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியுமே என்று மனைவிக்கு எழுதினார். 1758 பிப்ரவரியில் அவர் வீட்டுக்கு அனுப்பிய சாமான்களில் ஒரு பெரிய பீர் ஜாடியும் இருந்தது. அதைப் பார்த்ததுமே காதல் கொண்டதாகவும், நீலமும் வெள்ளையுமான காலிகோ கவுன் உடுத்திய, குண்டான, குதூகலமான, சுத்தமும் நேர்த்தியுமான ஒரு பெண்மணியைப் போல் அது தோன்றி யாரோ ஒருவரை நினைவூட்டியதாகவும் எழுதுகிறார். டெபோரா எப்படி இருந்தார் என்பதற்கு எந்தச் சித்திரத்தையும்விட இந்த ஜாடி நமக்கு நெருக்கமான சாட்சி.

1760இல் ஸ்ட்ரான் விளையாட்டை விட்டு முறைப்படி எழுத்திலேயே சம்பந்தம் பேசினார். பிராங்க்ளின் மார்ச் 5 அன்று மனைவிக்கு எழுதிய கடிதத்தில் தான் மறுத்ததற்கு இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று பென்சில்வேனியாவின் மீதும் அங்குள்ள நட்புகள் மீதும் தனக்கிருந்த பற்று, மற்றது கடலைக் கடக்க டெபோராவுக்கிருந்த வெல்ல முடியாத அச்சம். 1762இல் ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த போர்ட்ஸ்மத்திலிருந்து ஸ்ட்ரானுக்கு எழுதும்போது, அறிவின் ஈர்ப்பு அக்கரைக்கு, மனத்தின் ஈர்ப்பு இக்கரைக்கு, இரண்டில் எது வழக்கமாக வெல்லும் என்பது உங்களுக்குத் தெரியும் என்கிறார். மனைவியை அழைத்துக்கொண்டு வந்து இங்கேயே தங்கிவிடுவேன் என்ற நினைப்பு அதில் தெரிகிறது. டெபோரா வரவில்லை. 1764இல் மறுபடி லண்டன் போன கணவரை அவர் அதன்பின் பார்க்கவே இல்லை, 1774 டிசம்பரில் இறந்துபோனார். சாலி 1767இல் ரிச்சர்ட் பேச் என்பவரை மணந்துகொண்டார். கடிதங்களில் தோன்றும் விளையாட்டுக்கு யார் எவ்வளவு விலை கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாகச் சொன்னேன்.

ஹாலைப் பற்றிச் சுருக்கமாக. 1748 முதல் பதினெட்டு ஆண்டுகளுக்கு அவர் பிராங்க்ளினின் பங்காளியானார், பிராங்க்ளின் நாற்பத்திரண்டு வயதில் அச்சகத்திலிருந்து விலகி மின்சார ஆய்வுக்கும் பொதுக்காரியத்துக்கும் போக முடிந்தது அதனால்தான். ஹால் ஸ்ட்ரானிடமிருந்து தொடர்ந்து புத்தகம் இறக்கினார், ஸ்ட்ரான் நாடாளுமன்றச் செய்திகளை நீண்ட கடிதங்களாக ஹாலுக்கு எழுத, ஹால் அவற்றிலிருந்து எடுத்துத் தம் பத்திரிகையில் போட்டார். அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் பிரிட்டன் விதித்த முத்திரைத்தாள் வரிச் சட்டம் வரப்போவதை 1765 பிப்ரவரி 14 அன்று பிராங்க்ளின் ஹாலுக்கு எழுதும்போது, வேறு யாரையும்விட அச்சகத்தாரைத்தான் இது அதிகம் தாக்கும் என்று சொல்லிக் கணக்கை எடுத்து வைக்கிறார்: பத்திரிகையின் அரைத் தாளுக்கு அரைப் பென்னி, விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷில்லிங், பஞ்சாங்கம் ஒன்றுக்கு நான்கு பென்னி. சந்தாவிலும் விளம்பரத்திலும் பாதி அழிந்துபோகும் என்பது அவர் மதிப்பீடு. பெரிய அரசியலை அரைப் பென்னியில் அளக்கும் இந்தப் பார்வை அச்சகக்காரருக்கே உரியது. மறு வருடம் நாடாளுமன்றத்தில் பிராங்க்ளின் அளித்த சாட்சியத்தை ஸ்ட்ரான் ஹாலுக்கு அனுப்பி, சட்டம் இவ்வளவு விரைவில் ரத்தானதற்கு இந்த விசாரணைக்கே நீங்கள் அதிகம் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று எழுதினார். 1767இல் பிலடெல்பியாவில் போட்டிப் பத்திரிகை ஒன்று தொடங்கியபோது அதில் பழைய பங்காளிக்கும் பங்கு உண்டோ என்று ஹால் ஐயப்பட்டு எழுத, பிராங்க்ளின் நீளமாக விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நாணயத்தின் மேல் கட்டிய உறவு என்பதால், கீறல் விழுந்தால் அதையும் கடிதத்தில்தான் பூச வேண்டும்.

1775 ஜூலை 5ஆம் தேதிக் கடிதத்தை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருக்கலாம். பாஸ்டனுக்கு எதிரிலுள்ள சார்லஸ்டவுன் எரிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஸ்ட்ரான் அதற்கு முந்தைய வருடம்தான் நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியிருந்தார், அரசாங்கத்தின் பக்கம் வாக்களித்தார். நண்பரே என்ற விளியும் இல்லாமல் திரு. ஸ்ட்ரான் என்று அது தொடங்குகிறது. என் நாட்டை அழிவுக்கு ஒப்புக்கொடுத்த பெரும்பான்மையில் நீங்களும் ஒருவர், எங்கள் ஊர்களை எரிக்கவும் மக்களைக் கொல்லவும் தொடங்கிவிட்டீர்கள், உங்கள் கைகளைப் பாருங்கள், உறவினரின் இரத்தக் கறை படிந்திருக்கிறது என்று நான்கைந்து வாக்கியம். நெடுங்காலம் நண்பர்களாக இருந்தோம், இப்போது நீங்கள் என் பகைவர், நானோ, தங்கள், பி. பிராங்க்ளின் என்று முடிவு. தங்கள் என்பது எல்லாக் கடிதத்திலும் கையெழுத்துக்கு மேல் வரும் சம்பிரதாயச் சொல். அதை வாக்கியத்தோடு ஒட்டவைத்து, உங்கள் பகைவன் என்ற பொருளும் வரும்படி செய்திருக்கிறார். கோபத்தில் எழுதியவர் இவ்வளவு கவனமாகச் செதுக்குவாரா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. இரண்டு நாள் கழித்து ஜூலை 7 அன்று வேறொரு கடிதம் அனுப்பினார் என்பது ஸ்ட்ரான் செப்டம்பரில் எழுதிய பதிலிலிருந்து தெரிகிறது, அந்தப் பதிலில் பழைய நட்பின் குரல் கெடவில்லை. உலகம் அறிந்த கடிதம் பெட்டியில் கிடந்தது. போய்ச் சேர்ந்தது வேறு.

அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து, பாரிஸை ஒட்டிய பாஸியிலிருந்து 1784 பிப்ரவரி 16 அன்று பிராங்க்ளின் ஸ்ட்ரானுக்கு எழுதியதை அச்சுக்கூடம் பார்த்த தமிழர் யாரும் ரசிப்பார்கள். ஒருமுறை நாடாளுமன்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, கூலி அச்சுத் தொழிலாளிகளாகத் தொடங்கி நம் இருவரைப் போல உயர்ந்தவர்களைத் தான் அறிந்ததில்லை என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா என்று தொடங்கி, தொழில் சொற்களாலேயே அரசியல் பேசுகிறார். குடியரசுவாதியான அச்சுக்காரன் என்ற முறையில் நன்றாகத் தட்டிச் சமன் செய்த பாரம்தான் எனக்குப் பிடிக்கும், தலையை உயர்த்திக்கொண்டு அக்கம்பக்கத்தாரைத் தெரியவிடாமல் செய்யும் எழுத்துகள் எனக்கு ஆகாது என்கிறார். பாரம் என்பது ஈய எழுத்துகளைச் சட்டத்தில் அடுக்கியது; அடுக்கியபின் மேலே மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டுவார்கள். ஓர் எழுத்து மட்டும் எழும்பி நின்றால் மையையும் அழுத்தத்தையும் அதுவே வாங்கிக்கொள்ளும், அதைச் சுற்றியுள்ளவை தாளில் மங்கிப்போகும். சமத்துவத்துக்கு இதைவிடக் கச்சிதமான உவமையை அரசியல் நூல்களில் தேடிப் பாருங்கள்.

அடுத்த வரி தாளைப் பற்றியது. முடியரசுவாதியான நீங்கள் கிரவுன் தாளில் அச்சடித்து லாபம் பார்த்தீர்கள், நான் ப்ரோ பாட்ரியா தாளில் அடித்தேன், அதைப் பல சமயம் ஃபூல்ஸ்கேப் என்றும் சொல்வார்கள், எனக்கும் லாபம் குறையவில்லை என்கிறார். நம் பதிப்பாளர்கள் இன்றும் கிரவுன் அளவு என்று சொல்கிறார்களே, அதே கிரவுன்தான், கிரீடத்தை நீர்க்குறியாகக் கொண்ட தாள். ப்ரோ பாட்ரியா என்றால் இலத்தீனில் தாய்நாட்டுக்காக என்று பொருள். அதே அளவுத் தாளுக்கு ஃபூல்ஸ்கேப் என்ற பெயர் கோமாளித் தொப்பி நீர்க்குறியிலிருந்து வந்தது. நாட்டுக்காக உழைத்தேன், சிலர் முட்டாள்தனம் என்றார்கள், கடைசியில் வென்றது நான் என்ற மூன்று சங்கதியையும் தாள்கடைப் பெயர்ப்பட்டியலிலேயே சொல்லி முடித்துவிட்டார். இதைப் பெற்றுக்கொண்ட ஸ்ட்ரானுக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. சாமுவேல் ஜான்சனின் அகராதியையும் கிப்பனின் ரோமானிய வரலாற்றையும் ஆடம் ஸ்மித்தின் நூலையும் அச்சிட்ட கைகள். மறு வருடம் ஜூலையில் இறந்துபோனார்.

எங்கிருந்து தொடங்குவது என்ற இரண்டாவது கேள்விக்கு: யேல் பல்கலைக்கழகமும் அமெரிக்கத் தத்துவக் கழகமும் சேர்ந்து 1959 முதல் வெளியிட்டுவரும் பிராங்க்ளின் ஆவணத் தொகுதிகளின் பெரும்பகுதி, அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காலவரிசைப்படி போனால் அலுத்துவிடும். முதலில் 1745 பிப்ரவரி 12ஆம் தேதிக் கடிதத்தையும் 1784 பிப்ரவரி 16ஆம் தேதிக் கடிதத்தையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பிறகு 1743க்குத் திரும்பி, ஸ்ட்ரான் பெயரை வைத்துத் தேடி வரிசையாக வாருங்கள். ஹாலின் பக்கம் ஆர்வம் இருந்தால், அவர் அனுப்பிய கடிதங்களின் நகல் ஏடு பிலடெல்பியாவில் அதே தத்துவக் கழகத்திடம் இருக்கிறது.

நடுநடுவே தங்கை ஜேன் மீகமின் கடிதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணனின் அரசியல் எழுத்து அத்தனையையும் அனுப்பும்படி அவர் கேட்டதற்கு, அவ்வப்போதைய தேவைக்கு எழுதியவை வேலை முடிந்ததும் செத்துப்போயின, இதுவரை வெட்டிய நகத் துண்டுகளைச் சேர்த்துத் தருவதும் எனக்கு அதே அளவு எளிது என்று பிராங்க்ளின் பதில் எழுதினார். பதினைந்து வயதில் சேணத் தொழிலாளி ஒருவரை மணந்து, பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, ஒருவரைத் தவிர அனைவரையும் பறிகொடுத்தவர் ஜேன். அவருடைய எழுத்துப்பிழைகளைப் பார்த்துத் தாண்டிவிடாதீர்கள். டாக்டர் ரிச்சர்ட் பிரைஸ் என்ற சிந்தனையாளரின் நூலைப் படித்துவிட்டு 1786 ஜூலையில் அண்ணனுக்கு எழுதும்போது, பாயில், கிளார்க், நியூட்டன் போன்ற அறிஞர்கள் ஆயிரக்கணக்கானோர் தகுந்த சூழல் அமையாததால் மட்டுமே அறியாமையிலும் எளிமையிலும் வாழ்ந்து மடிந்திருக்கக்கூடும் என்று பிரைஸ் கருதுவதாக எடுத்துச் சொல்லிவிட்டு, எல்லாத் தடைகளையும் உடைத்துக்கொண்டு மேலே வர முடிந்தவர்கள் மிகச் சிலரே என்று நமக்குத் தெரியும் என்று தன் வரியைச் சேர்க்கிறார். தந்தையின் மெழுகுவர்த்திப் பட்டறையிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்து, ஒருவர் மட்டும் மேலே போன குடும்பத்துக்குள்ளேயே எழுதப்பட்ட கடிதம் அது.